ஆரோக்கியசெல்வி கொடுத்த பேட்டி

விழுப்புரத்தை அடுத்த காணைக்கு மேற்கே உள்ள காலனியில் ஆரோக்கியசெல்வி என்று முழுப்பேர் சொல்லிக் கேட்டால் சிலருக்குச் சட்டென்று புரியாது. நடவு செட்டு செல்வி என்றால் கெடார் வரைக்கும் தெரியும். பதினாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு கழனி கழனியாகப் போய் நாற்று நடுகிற வேலை அவருடையது. யாருடைய கழனி எப்போது சேறடித்துத் தயாராகும், எந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல், எவளை எவள் பக்கத்தில் நிறுத்தினால் சண்டை வரும் என்பதெல்லாம் அவர் மனதிலேயே இருக்கும். நிலக்காரர்கள் அவருக்குத்தான் போன் செய்வார்கள்.

இந்த வேலைக்கு அவர் நடுவில்தான் வந்தார். கல்யாணமான புதிதில் புருஷன் சவுரிராயனோடு பெங்களூர் போய், ஹெப்பாள் பக்கம் கட்டட வேலை செய்துகொண்டிருந்தார். மகள் மலர்விழி அங்கேதான் பிறந்தாள். கட்டடத்தில் பல ஊர் ஆட்கள் இருந்ததால் கன்னடமும், உடைந்த இந்தியும் செல்விக்கு வாயில் வந்து ஒட்டிக்கொண்டன.

2016இல் காவிரித் தண்ணீருக்காக அங்கே கலவரம் வந்தபோது அவர்கள் குடியிருந்த தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா அன்றைக்கும் வந்து தேங்காய்த் துருவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஆனால் ஊரில் செல்வியின் அம்மா கெங்கம்மாள் காலையிலிருந்து டிவி முன்னால் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"பஸ்ஸு பஸ்ஸா எரியுதுடி. நீ ஒண்ணும் இல்லன்றியே."

"அது எங்கியோ தூரமா எரியுது யம்மா. இங்க ஒண்ணும் எரியல."

"டிவில காட்றான். நீ சொல்றத நம்புறதா, அவன் காட்றத நம்புறதா?"

அதே பஸ்கள்தான் திரும்பத் திரும்ப எரிந்துகொண்டிருந்தன. ஆனால் கெங்கம்மாள் ஒவ்வொரு தடவையும் அதைப் புது பஸ்ஸாக எண்ணிக்கொண்டார். அண்ணன்மார் போன் செய்தார்கள், சவுரிராயனின் மாமா போன் செய்தார். தெருவில் இல்லாத பயம் போன் வழியாக வந்து வீட்டுக்குள் உட்கார்ந்தது. கடைசியில் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறி விழுப்புரம் வந்து இறங்கினார்கள். எல்லாம் அடங்கியதும் திரும்பிப் போகலாம் என்றுதான் நினைத்தார்கள். அதற்குள் மலர்விழியை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது. சவுரிராயன் விழுப்புரத்தில் ஒரு கொத்தனாரோடு சேர்ந்துகொண்டார். செல்வி சேற்றில் இறங்கினார்.

ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு சம்பா நடவின்போது, அரங்கநாதன் என்ற நிலக்காரர் மேற்கு வங்காளத்திலிருந்து நடவு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். காணைப் பக்கம் அதுவே முதல் தடவை. எல்லாம் ஆம்பளை ஆட்கள். ஏரிக்குக் கீழே இருந்த மோட்டார் கொட்டாயில் தங்கினார்கள். விடியும் முன்னே சோறு ஆக்கி, உருளைக்கிழங்கு வறுத்துத் தின்றுவிட்டு, கயிறு பிடித்துக் கோடு போட்டதுபோல் நட்டுக்கொண்டே பின்னால் போனார்கள். செல்வியின் செட்டு இரண்டு நாள் சும்மா இருந்தது. மூன்றாம் நாள் எல்லாரும் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் வந்து உட்கார்ந்து, அவர்கள் நடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செட்டில் பொன்னி என்று ஒருத்தி, நாக்கு கொஞ்சம் காரம்.

"ஆம்பள நட்ட நாத்து பச்சை புடிக்குமா யக்கா?"

"புடிக்கும். நாத்துக்கு இன்னா தெரியும்" என்றார் செல்வி.

அன்றைக்குத்தான் தென்னரசு வந்தார். திண்டிவனத்தில் ஒரு மொபைல் கடைக்கு மேலே மாடி அறையில் யூடியூப் செய்திச் சேனல் நடத்துகிறவர். சென்னை டிவி ஒன்றுக்கும் அவ்வப்போது வீடியோ அனுப்புவார். ஏரி மதகு உடைந்து கிடப்பதைப் படம் எடுக்க வந்தவர், மரத்தடியில் பெண்கள் கூட்டமாக இருப்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டதும் மதகை விட்டுவிட்டு மைக்கை எடுத்தார். யார் பேசுவது என்றபோது எல்லாரும் செல்வியைக் காட்டினார்கள்.

செல்வி கூச்சப்படாமல் பேசினார்.

"வேலை போச்சு தம்பி. எங்கியோ வடக்க இருந்து வந்து எங்க கழனில நட்றாங்க. நாங்க கரை மேல குந்திக்கினு வேடிக்கை பாக்குறோம். எங்க வயித்துல அடிக்கிறாங்க. பொம்பளைங்க நாங்க எங்க போறது?"

அதோடு அவர் நிறுத்தவில்லை. "அதுக்குன்னு அவங்களக் குத்தம் சொல்லி இன்னா ஆவப் போவுது. நாங்களும் பெங்களூர் போயி அந்த ஊரு ஆளுங்க செய்ற வேலையத்தான செஞ்சிக்கினு இருந்தோம். அவங்களுக்கும் புள்ள குட்டி இருக்கும். கழனில பாதி அவங்களுக்கு, பாதி எங்களுக்குன்னு குடுத்தா முடிஞ்சிபோச்சி. அதத்தான் இன்னிக்கி நிலக்காரராண்ட கேக்கப் போறேன்."

"சூப்பரா பேசுனீங்கக்கா" என்று சொல்லி தென்னரசு மைக்கைச் சுருட்டினார்.

சொன்னபடியே செல்வி அன்று சாயங்காலம் அரங்கநாதன் வீட்டுக்குப் போனார். அரங்கநாதன் மோசமான மனுஷர் இல்லை. நூறு நாள் வேலை நடக்கும்போது நடவுக்கு ஆள் கிடைக்காமல் முந்தின வருஷம் நாற்று முற்றிப்போனது அவருக்கு மறக்கவில்லை.

"உங்கள நம்பி எப்படிம்மா வுட்றது? இன்னிக்கி வரேன்னு சொல்லி நாளைக்கி வர்றீங்க."

"இந்த வாட்டி வரேன்னு சொல்லிட்டு வராமப் போனா கேளுங்கய்யா. மேற்க இருக்கிற கழனிய எங்களுக்கு வுடுங்க. அவங்களாண்ட நான் பேசிக்கிறேன்."

"உனக்கு அவங்க பாஷை தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும்ங்க."

அவர் சரி என்றதும் செல்வி நேராக மோட்டார் கொட்டாய்க்குப் போனார். அந்த செட்டுக்குத் தலைவர் சுபல் மண்டல், முப்பது வயதுக்காரர். செல்வி கட்டட இந்தியில் பேச, அவர் தன் இந்தியில் பதில் சொன்னார். இரண்டும் அரைகுறைதான். ஆனாலும் பேச்சு முடிந்தது. வேலை நாட்கள் குறைந்தால் அடுத்து மயிலம் பக்கம் ஒரு நிலக்காரரிடம் சீக்கிரமாகப் போய்விடலாம் என்று சுபல் கணக்குப் போட்டார். செல்வியை 'தீதி' என்று கூப்பிட்டார். அவர் பாஷையில் அக்கா என்று அர்த்தம்.

மறுநாளிலிருந்து இரண்டு செட்டும் அடுத்தடுத்த கழனியில் நட்டார்கள். அவர்கள் கயிறு கட்டி நட்டார்கள், இவர்கள் கண் அளவில் நட்டார்கள். பொன்னி அந்தக் கயிற்றைக் கேலி செய்தாள். அவர்களில் ஒருவர் இவர்களுடைய வளைந்த வரிசையைக் கையால் காட்டிச் சிரித்தார். பாஷை தெரியாமலே சண்டையும் சமாதானமும் நடந்தன. மத்தியானம் பொன்னி கேப்பைக் கூழ் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தபோது சுபல் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். வரப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

இது நடந்துகொண்டிருக்கும்போதே தென்னரசின் வீடியோ வெளியே போய்விட்டது. 'வயித்துல அடிக்கிறாங்க: வடக்கர்களால் கதறும் பெண்கள்' என்று தலைப்பு. பின்னால் சோகமாக ஒரு புல்லாங்குழல். செல்வி 'எங்க போறது' என்று கேட்கிற இடத்தில் வீடியோ முடிந்தது.

சென்னை டிவி அதை எடுத்துப் போட்டது. ராத்திரி விவாதத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்க, அவர்களுக்குப் பின்னால் பெரிய திரையில் செல்வியின் முகம் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டே இருந்தது. மலர்விழி விழுப்புரம் காலேஜிலிருந்து வந்து போனைக் காட்டினாள். லட்சக்கணக்கான பேர் பார்த்திருந்தார்கள்.

"நான் எங்கடி கதறுனேன்?" என்றார் செல்வி. முழுசாகப் பார்த்துவிட்டு, "மிச்சம் எங்க?" என்று கேட்டார்.

"அவ்ளோதாம்மா இருக்கு."

அதற்கு முன்பு அந்த வங்காளத்து ஆட்களைப் பற்றி ஊரில் யாரும் பெரிதாகப் பேசியதில்லை. டீக்கடையில் அவர்கள் வந்தால் டீ, பன் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். வீடியோ வந்த பிறகு எல்லாருக்கும் அவர்களைப் பற்றி நிறையத் தெரிந்திருந்தது. கஞ்சா விற்கிறார்கள், ஆதார் கார்டு எல்லாம் டூப்ளிகேட், பகலில் நட்டுவிட்டு ராத்திரியில் வீடு நோட்டம் பார்க்கிறார்கள் என்றார்கள். யார் பார்த்தது என்று கேட்டால் போனை நீட்டினார்கள். டீக்கடைக்காரர் அவர்களை உள்ளே உட்கார வேண்டாம், வெளியே நின்று குடியுங்கள் என்றார். வேறு ஏதோ ஊரில், ஏதோ சண்டையில் எடுத்த வீடியோக்கள் எல்லாம் செல்வியின் பேச்சோடு ஒட்டிக்கொண்டு வந்தன. வெளியூரிலிருந்து ஏதோ ஒரு அமைப்பைச் சேர்ந்தவர்கள் காரில் வந்து செல்விக்குச் சால்வை போட்டார்கள். திண்டிவனத்தில் ஆர்ப்பாட்டம், வந்து பேச வேண்டும் என்றார்கள். செல்வி உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். அவர் போகாவிட்டாலும் அவருடைய படம் பேனரில் போனது.

செட்டிலும் விரிசல் விழுந்தது. சேர்ந்து நடத் தொடங்கிய நாலாம் நாள் காலையில் பொன்னி கழனியில் இறங்க மாட்டேன் என்று வரப்பிலேயே நின்றாள்.

"நாடே நமக்காகப் பேசிக்கினு இருக்குது யக்கா. நாம போயி அவங்களோட ஒண்ணா நட்டா நம்மள இன்னா சொல்லுவாங்க?"

"நேத்து வரிக்கும் நட்டியே."

"நேத்து எனக்கு இதெல்லாம் தெரியாது."

"எது தெரியாது? அந்தாளு உன் கூழைக் குடிச்சானே, அது தெரியாதா?"

பொன்னி வரப்போடு திரும்பி நடந்தாள். அவளோடு ஐந்தாறு பேர் திரும்பிப் போனார்கள். மீதிப் பேரை வைத்துக்கொண்டு செல்வி அன்றைய கழனியை இருட்டும் வரை நட்டு முடித்தார். அதற்கு மறுநாள் ஒருத்தியும் வரவில்லை. அரங்கநாதன் போன் செய்து, "நான் அப்பவே சொன்னேனேம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி பரவியது. அதிலும் முன்னால் ஒட்டியிருந்தது செல்வியின் குரல்தான். அந்த நாளில் சுபல் போன் சரிசெய்வதற்காகத் திண்டிவனம் போயிருந்தார். போனை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்னப் பெண்ணின் செருப்பு கழன்று விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனார். யாரோ ஒருவர் சத்தம் போட்டார். அதற்குப் பிறகு என்ன ஏது என்று கேட்க யாரும் நிற்கவில்லை. போலீஸ் வந்து மீட்பதற்குள் கை எலும்பு முறிந்திருந்தது. அதையும் இரண்டு மூன்று பேர் வீடியோ எடுத்திருந்தார்கள். பிள்ளை பிடிக்க வந்தவன் சிக்கினான் என்று அது போனது. போலீஸ் அன்றே அது பொய் என்று அறிக்கை கொடுத்தது. காணையில் அந்த அறிக்கையைப் பார்த்தவர் யாரையும் செல்விக்குத் தெரியாது.

செல்வியும் சவுரிராயனும் விழுப்புரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வாசலில் சவுரிராயன் ஒரு நிமிஷம் தயங்கினார்.

"உன்னப் பாத்தா அவங்க ஆளுங்க எதுனா பண்ணப் போறாங்க."

"பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டு செல்வி உள்ளே போனார்.

சுபல் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு படுத்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். செல்வி கொண்டுபோன பன்னையும் ஆரஞ்சையும் பக்கத்தில் வைத்தார். தான் அப்படிச் சொல்லவில்லை, முழுக்கச் சொன்னதை வெட்டிவிட்டார்கள் என்று இந்தியில் சொல்ல முயன்றார். வெட்டுவது என்பதற்கு அவருக்குத் தெரிந்த வார்த்தை, கம்பியை வெட்டுவதற்குக் கட்டடத்தில் சொல்கிற வார்த்தை. அதைச் சொல்லிக் கையால் கத்தரிப்பதுபோல் காட்டினார். சுபல் தலையாட்டினார். புரிந்ததா, அல்லது மரியாதைக்கு ஆட்டினாரா என்று தெரியவில்லை.

அந்த நேரத்தில் சுபலின் போன் அடித்தது. ஊரிலிருந்து அவர் அம்மா வீடியோவில் வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அழுதார். அங்கே அவர்கள் ஊர்ச் சேனல்களில், தமிழ்நாட்டில் வடநாட்டு ஆட்களைத் தேடித் தேடிக் கொல்கிறார்கள், பிணங்களை மறைக்கிறார்கள் என்று ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஒன்றும் இல்லை என்று சுபல் சொன்னது அந்த அம்மாவிடம் எடுபடவில்லை. மகனுடைய கைக்கட்டே அவருக்குச் சாட்சியாக இருந்தது. போன் கொஞ்சம் சாய்ந்தபோது பின்னால் நின்றிருந்த செல்வி அதில் தெரிந்தார்.

அந்த அம்மாவின் அழுகை நின்றுவிட்டது. எதையோ கேட்டார், திரும்பவும் கேட்டார். சுபல் போனைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அவர்கள் செட்டு ஆள் ஒருவர், தரையைப் பார்த்துக்கொண்டே இந்தியில் விளக்கினார். செல்வியின் வீடியோ அவர்கள் ஊருக்கும் போயிருக்கிறது. கீழே வங்காள மொழியில் எழுத்து. இந்த ஊர்ப் பெண்கள் இவர்களை வெட்டப்போவதாகச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறதாம். மகனுக்குப் பக்கத்தில் அந்தப் பொம்பளை எப்படி வந்தாள் என்று அம்மா கேட்கிறார்.

செல்வி ஒரு எட்டு பின்னால் நகர்ந்து, போனில் தெரியாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். "உன் அம்மாவாண்ட சொல்லு, பயப்பட வேணாம்ன்னு" என்று தமிழிலேயே சொன்னார். இருவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். காணை நெருங்கும்போது, "எங்கம்மா மாதிரியே இருந்திச்சி அந்தம்மா" என்றார் செல்வி.

மறுநாள் தனியாகத் திண்டிவனம் போனார். மாடி அறையில் தென்னரசு ஏதோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். செல்வியைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். அவர் கண்ணிலும் தூக்கமில்லை.

"நான் முழுசா பேசுனேனே தம்பி. பாதிய இன்னா பண்ண?"

"முழுசா போட்டா யாரும் பாக்க மாட்டாங்கக்கா. முதல் கொஞ்ச நேரத்துலயே தள்ளிட்டுப் போய்டுவாங்க. உங்க வேலை போன விஷயம் வெளிய வரணும்ன்னுதான் போட்டேன். அதுல ஒண்ணும் பொய் இல்லியே."

"பொய் இல்ல. நான் சொன்னதுதான்."

"அப்புறம் என்னக்கா?"

"நான் சொன்னது அது மட்டும் இல்லியே."

தென்னரசு திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அடிச்சது நான் சொல்லி அடிக்கலக்கா" என்றார். செல்வி, "நானும் சொல்லல" என்றார். பிறகு தென்னரசு பழைய பதிவைத் தேடி எடுத்து, செல்வியின் எதிரிலேயே முழுசாக ஏற்றினார். அதற்கு அவர் பைசா எதிர்பார்க்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. சென்னை டிவிக்கும் அனுப்பி வைத்தார். அவர்கள் பழசாகிவிட்டது என்று திருப்பிவிட்டார்கள்.

முழு வீடியோவைச் சில நூறு பேர் பார்த்தார்கள். கீழே எழுதியவர்களில் பாதிப் பேர், இந்தம்மா காசு வாங்கிக்கொண்டு பேச்சை மாற்றிவிட்டது என்று எழுதினார்கள். மலர்விழி அதைப் படித்துக் காட்டவில்லை. ஆனால் பொன்னி வந்து சொன்னாள். அவள் சொன்ன விதத்தில் அவளும் அதைக் கொஞ்சம் நம்புவது தெரிந்தது. செல்வி அவளிடம் சண்டைக்குப் போகவில்லை.

சுபலின் செட்டு அந்த வாரமே கிளம்பிவிட்டது. திண்டிவனத்தில் விழுந்த அடியால் மட்டும் அவர்கள் போகவில்லை. ஊரிலிருந்து வந்த போன்கள் நிற்கவில்லை. மயிலத்தில் பேசிவைத்திருந்த வேலையையும் விட்டுவிட்டார்கள். அரங்கநாதன் வேன் வைத்து விழுப்புரம் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டார். அவர் மனைவி அருணா வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். சுபல் போகும்போது ஏரிக்கரையில் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினார். செல்வி அங்கே மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார்.

"தீதி, நான் போறேன்" என்றார், தமிழில்.

"போறேன்னு சொல்லக் கூடாது. போய்ட்டு வர்றேன்னு சொல்லணும்."

சுபல் அதைச் சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. வேன் டிரைவர், "ஜல்தி வாப்பா, ரயிலு போய்டும்" என்று ஹாரன் அடித்தார்.

நடாமல் கிடந்த கழனிகளை, திரும்பவும் ஒன்றுசேர்ந்த செல்வியின் செட்டுதான் நட்டது. அதற்குள் நாற்று முற்றிவிட்டதால் விளைச்சல் அவ்வளவு இல்லை. அடுத்த பட்டத்துக்கு அரங்கநாதன் நடவு மெஷினை வாடகைக்குக் கொண்டுவந்தார். மெஷினுக்கான நாற்றைத் தட்டில் வளர்த்துக் கொடுக்க நாலு பெண்கள் போதும். அந்த நாலு பேரில் பொன்னியும் ஒருத்தி. மற்றவர்களில் சிலர் திண்டிவனத்தில் ஒரு கம்பெனிக்கு வேனில் போகிறார்கள். மெஷின் வந்தபோது யாரும் மைக்கோடு வரவில்லை. டீக்கடையில் இப்போதும் யாராவது வடக்கத்தி ஆட்களால் நடவு வேலை போனதைப் பற்றிப் பேசுவார்கள். கடைக்கு நேர் எதிரே, மதகுக்குக் கீழே, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

கெடார்ப் பக்கம் வேறொரு வங்காள செட்டு வந்து போவதாகச் சொல்கிறார்கள். சுபல் வரவில்லை. பொங்கலுக்கு ஒரு தடவை போன் செய்தார். கை எலும்பு கூடிவிட்டது, ஆனால் சேற்றில் குனிந்து நட முடியவில்லை, கேரளாவில் ஒரு ஓட்டலில் இருக்கிறேன் என்றார். உன் அம்மாவுக்கு அது தெரியுமா என்று செல்வி கேட்டார். கல்கத்தாவில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன் என்றார்.

செல்வி இப்போது செட்டு வைத்திருக்கவில்லை. நாற்றுத் தட்டு வேலைக்கு அரங்கநாதன் கூப்பிட்டதற்கும் போகவில்லை. மல்லாட்டை பிடுங்கி வேர்க்கடலை ஆயவும் கரும்பு வெட்டவும் ஆள் கேட்டால் போகிறார். போன வைகாசியில் அவர் அண்ணன் மகள் அமலாவுக்கு மயிலத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. பந்தி, பாத்திரம், பெண் அலங்காரம் என்று எல்லாவற்றையும் ஓடியாடிப் பார்த்தவர் செல்விதான். பிறகு கல்யாண வீடியோவை வீட்டில் போட்டுப் பார்த்தபோது அதில் எங்கேயும் அவர் இல்லை. ஒரே ஒரு இடத்தில், தாம்பூலத் தட்டு நீட்டுகிற கை மட்டும் தெரிந்தது. வளையலை வைத்து அது அத்தையுடைய கைதான் என்று அமலா கண்டுபிடித்தாள்.